லேப்ராஸ்கோபி பயிற்சி: ஸ்ட்ராஸ்பர்க்கா, சொந்த மருத்துவமனையா?

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் அறுவைதான் லேப்ராஸ்கோபி. அதைக் கற்க, நைஜீரியாவிலோ கானாவிலோ உள்ள அறுவை சிகிச்சை மருத்துவருக்கு இரண்டு வழிகள். 1994இல் தொடங்கிய, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள இர்காட் போன்ற பயிற்சி மையத்துக்குப் போகலாம். தேர்ந்த ஆசிரியர்கள், அருமையான கேமரா, மயக்க மருந்து கொடுத்த பன்றிகளில் செய்முறை. ஆனால் விசா, விமானச் செலவு எல்லாம் சேர்ந்து கிடைப்பது சில நாள் பயிற்சிதான்.

இல்லையென்றால் பயிற்சியாளரைத் தன் மருத்துவமனைக்கே வரவழைக்கலாம். அங்கே பாதியில் கரண்ட் போகும், வயிற்றை உப்பவைக்க ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் சிலிண்டர் தீரும். அதையெல்லாம் சமாளிக்கக் கற்பதும் பயிற்சிதானே! நர்ஸும் மயக்க மருந்து மருத்துவரும் கூடவே கற்கிறார்கள். வயிற்றில் வாயு ஏற்றும்போது நாடித்துடிப்பு சட்டென்று விழுந்தால், உடனே வாயுவை வெளியேற்ற வேண்டும். அதைக் குழுவே அறிந்திருக்க வேண்டும்.

பித்தப்பை, குடல்வால் வரை உள்ளூர்ப் பயிற்சியே மேல். சிக்கலான குடல் அறுவைக்கு அப்புறம் ஸ்ட்ராஸ்பர்க் போகலாம்.