அடி விழும் நேரம்: டாம் அண்ட் ஜெர்ரியின் இரண்டு மறுபிறவிகள்

டிவியில் டாம் அண்ட் ஜெர்ரி பார்த்தவர்களுக்குத் தெரியும், சில படங்கள் மட்டும் ஒரு மாதிரி இருக்கும். தட்டு உடைந்தால் சுரங்கத்துக்குள் உடைந்ததுபோல எதிரொலிக்கும். டாமின் முகம் பேயறைந்தாற்போல இருக்கும். அவை அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரத்தில் ஜீன் டைச் எடுத்தவை. புருவம் தடித்து, கள்ளச் சிரிப்போடு டாம் வந்தால் அது சக் ஜோன்ஸின் கை. 1958-ல் நின்றுபோன தொடரை முதலில் ஜீன் டைச்சும் பிறகு ஜோன்ஸும் எழுப்பப் பார்த்தார்கள். இரண்டு பேரின் படங்களும் தனித்தனி டிவிடி தொகுப்பாக வந்திருக்கின்றன. டைச் தொகுப்பு 2015-ல் வந்தது: 13 படங்கள், ஒரு வட்டு. ஜோன்ஸ் தொகுப்பு 2009-ல் வந்தது: 34 படங்கள், இரண்டு வட்டு. எதை வாங்கலாம் என்று கேட்டால் ஜோன்ஸ்தான், அதிலும் முதல் பாதி. காரணம் ஓவியத்தில் இல்லை, அடி விழும் நேரத்தில் இருக்கிறது.

தொடர் நின்றது ரசிகர்கள் கைவிட்டதால் அல்ல. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 114 படங்கள் எடுத்து 7 ஆஸ்கர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பழைய பிரிண்டை மறுபடி தியேட்டருக்கு அனுப்பினாலே புதுப்படத்துக்கு நெருக்கமான வசூல் வருகிறது என்று தொடரைத் தயாரித்த ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம் கணக்குப் பார்த்தது. 1957-ல் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடிவிட்டது, ஏற்கெனவே முடித்த படங்கள் 1958 வரை வந்தன. உண்மையைச் சொன்னால், சினிமாஸ்கோப் அகலத்திரைக்கு மாறிய கடைசி சில வருடப் படங்களிலேயே பின்னணி தட்டையாகி, கோடு தடித்து, ஓட்டத்தில் சோர்வு தெரிய ஆரம்பித்திருந்தது.

பிறகு புதுப்படம் வேண்டும் என்று அதே எம்ஜிஎம் திரும்பி வந்தபோது, அமெரிக்கச் செலவு வேண்டாம் என்று வில்லியம் ஸ்னைடரின் ரெம்ப்ராண்ட் ஃபிலிம்ஸ் வழியாக வேலை செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது. ஒரு படத்துக்கு சுமார் 10,000 டாலர். டைச் சாதாரண ஆள் இல்லை. அவர் இயக்கிய 'மன்ரோ' 1961-ல் ஆஸ்கர் வாங்கியது. ஆனால் டாம் அண்ட் ஜெர்ரியின் அடிதடி அவருக்குப் பிடிக்காது. பிராக் ஓவியர்களுக்கோ தொடரே பழக்கமில்லை. கையில் இருந்தது மாதிரிக்கு வந்த சில படங்கள்தான். பனிப்போர்க் காலம் வேறு. இசையமைத்த ஷ்டெபான் கொனிசெக் டைட்டிலில் 'ஸ்டீவன்' ஆகிவிட்டார், முடிவு அட்டையில் வழக்கமாக வரும் 'மேட் இன் ஹாலிவுட்' வரியையே எடுத்துவிட்டார்கள்.

எங்கே தவறியது என்று பார்க்க ஒரே ஒரு அடியை எடுத்துக்கொண்டால் போதும். வட்டைக் கணினியில் போட்டு, விஎல்சி பிளேயரில் படத்தை நிறுத்தி, விசைப்பலகையில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். ஹன்னா-பார்பெரா படத்தில் வாணலி அடிக்குக் கையை ஓங்குவது நிதானமாக நடக்கும். வீச்சு இரண்டு மூன்று ஃபிரேமில் முடிந்துவிடும், பெரும்பாலும் இழுவிய வெறும் வண்ணக் கோடாக. அடுத்த ஃபிரேமிலேயே முகம் தட்டையாகியிருக்கும், சத்தமும் அங்கேயே. ஹன்னா காட்சியின் நேரத்தைத் தாளக்கட்டில் பிரித்துக் கொடுப்பார், ஸ்காட் பிராட்லி அதற்கு இசை போடுவார். அதனால்தான் ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழும்.

பிராக் படத்தில் இதையே செய்து பாருங்கள். ஓங்கல் இருக்காது, அல்லது வீச்சின் வேகத்திலேயே ஓங்கலும் நடந்து முடியும். நடு ஃபிரேம்கள் சீராக இல்லாததால் கை வெட்டிவெட்டி நகரும், அதை மறைக்க கேமராவைக் குலுக்குவார்கள். டாட் டாக்ஸ்டேடர் கைவண்ணத்தில் வந்த மின்னணு ஒலிகள் தனியாகக் கேட்டால் அபாரம். ஆனால் அடி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம், இசை இன்னொரு பக்கம். அடி விழுந்ததாகவே மனம் ஒப்பாது, சிரிப்பு எங்கிருந்து வரும்?

இன்னொரு கோளாறு 'ஹை ஸ்டேக்ஸ்' உட்பட மூன்று படங்களில் வரும் வழுக்கைத்தலை எஜமான். பழைய படங்களில் டாம் தானே வெட்டிய குழியில் தானே விழுவான், அதனால் சிரிக்க முடிந்தது. இங்கே முகம் சிவந்த ஒரு மனிதர் பூனையைப் போட்டு மொத்துகிறார். குலுக்கிய சோடாவை வாயில் புகட்டும் காட்சியில் கோபம் மட்டும்தான் இருக்கிறது, நகைச்சுவை இல்லை. குழந்தைகள் முகம் சுளிக்கும் இடம் இது.

டைச் வட்டில் தேறுவது 'டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன் கிட்' (1962). பெட்டியைத் திறந்தால் ஒரு முட்டாள் பூனை, ஒரு செல்ல எலி, விதவிதமான ஆயுதங்கள். இவற்றைச் சேர்த்தால் கார்ட்டூன் தயார் என்று விளம்பரக் குரலில் தொடரையே கிண்டலடிக்கிறது. பிடிக்காத வேலையைப் பிடிக்கவில்லை என்றே சொல்லிச் செய்ததால் நன்றாக வந்த படம். டைச்சே பேசும் ஒரு குறும்படமும் வட்டில் இருக்கிறது, அதைத் தவறவிட வேண்டாம்.

1963-ல் பொறுப்பு ஜோன்ஸிடம் போனது. வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் பிரிவிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர், பின்னணிக்கு மாரிஸ் நோபல், கதைக்கு மைக்கேல் மால்டிஸ் என்று பழைய ஆட்களையும் கூட்டிவந்தார். முதல் நிமிடமே வித்தியாசம் தெரியும்: எம்ஜிஎம் சின்னத்தில் சிங்கம் கர்ஜித்து முடித்ததும் அதே வட்டத்துக்குள் டாம் வந்து சீறுவான். நிறங்கள் துலக்கம், அசைவு வழவழப்பு. தாளமும் திரும்பி வந்தது, ஆனால் வேறு தாளம். ஹன்னாவுக்கு அடிதான் உச்சம். ஜோன்ஸுக்கு அடிக்கு முந்தைய நொடி. தான் விழப்போவது டாமுக்குத் தெரியும், நம்மைப் பார்ப்பான், ஒரு புருவம் ஏறும், பிறகுதான் விழுவான். ஜோன்ஸ் வார்னரில் எடுத்த ரோட் ரன்னர் படங்களில், பாலைவனத்து ஓநாய்க்குப் பொருந்திய உத்தி இது. வீட்டுக்குள் நடக்கும் துரத்தலில் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. தொகுப்பின் நிஜமான குறை இதுதான், அவசரப்பட்டு 'ஓவியம் மாறிவிட்டது' என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

அந்த நிதானமே பலமாகும் இடங்களும் உண்டு. 'தி கேட் அபவ் அண்ட் தி மவுஸ் பிலோ' (1964) படத்தில் டாம் ஓபரா பாடகன், மேடைக்கு அடியில் தூங்க முடியாமல் ஜெர்ரி. ரோஸினியின் பாட்டு நடக்கும்போது ஜெர்ரி எதிரே எலுமிச்சையைச் சப்பிக் காட்ட, டாமின் வாய் சுருங்கிக் குரல் நசுங்குகிறது. பாட்டின் ஓட்டம் துரத்தலின் வேலையைச் செய்துவிடுவதால் ஜோன்ஸின் இடைநிறுத்தங்கள் கச்சிதமாக உட்காருகின்றன. 'ஸ்னோபடி லவ்ஸ் மீ' படத்துக்கும் அதே காரணம்: பனிமலை, பாலாடைக்கட்டிக் கடை, ஷோபானின் பியானோ, ஜெர்ரியின் பாலே. இரண்டு படத்துக்காகவே தொகுப்பை வாங்கலாம்.

இரண்டாவது வட்டு அந்தத் தரத்தில் இல்லை. 1966-67-ல் மற்றவர்கள் இயக்கத்தில் வந்தவை அதிகம். விண்வெளி, ரோபோ என்று மூன்று படங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. 'மேட்டினி மவுஸ்', 'ஷட்டர் பக்ட் கேட்' இரண்டும் ஹன்னா-பார்பெரா துண்டுகளை ஒட்டித் தைத்தவை. பழைய துண்டு முடிந்து புதுத் துண்டு வரும்போதே எது எவர் கை என்று விளங்கிவிடும், அந்த ஒப்பீட்டுக்கு மட்டும் பார்க்கலாம்.

சின்னக் குழந்தைகளோடு பார்ப்பவர்கள் 'தி இயர் ஆஃப் தி மவுஸ்' படத்தைத் தாண்டிவிடுங்கள். தூங்கும் டாமின் கையில் ஆயுதத்தைத் திணித்து, தன்னைத் தானே கொல்லப் பார்த்ததாக அவனை நம்பவைப்பதுதான் முழுப் படமும். பெரியவர்களுக்கு ஒரு கூடுதல் சுவை, டாம் ஜெயிக்கும் அபூர்வப் படம் அது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியது: டிவிடிகளுக்கு ரீஜன் என்று நாட்டுவாரியான பூட்டு உண்டு; அமெரிக்க வட்டுகள் ரீஜன் 1, இந்திய பிளேயர்கள் ரீஜன் 5. ரீஜன் பூட்டு இல்லாத பிளேயரோ, ரீஜன் மாற்றக்கூடிய கணினி டிரைவோ தேவை. டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்தது அப்படியே நின்றுவிடும். ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கும்போது ஐந்தில் இரண்டு ஃபிரேம் சீப்புப்பல் போலக் கோடுகோடாகத் தெரிந்தால் வட்டு பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள ஃபிலிமை அமெரிக்க டிவி வேகத்துக்கு நீட்டியதால் வருவது. விஎல்சியின் வீடியோ மெனுவில் டிஇன்டர்லேஸ் போட்டால் பெருமளவு அடங்கும்.

டைச் தொகுப்பை முழு விலைக்கு வாங்க வேண்டாம், பழைய வட்டாகக் கிடைத்தால் எடுக்கலாம். முதலில் ஏதாவது ஒரு 1940-களின் படம், அடுத்து 'ஹை ஸ்டேக்ஸ்', உடனே ஓபரா படம். இந்த வரிசையில் சத்தத்தை நிறுத்தி ஒருமுறை, சத்தத்தோடு ஒருமுறை பாருங்கள். சத்தமில்லாமலும் சிரிப்பு வருவது முதலாவதற்கும் மூன்றாவதற்கும்தான்.