மெனு ஒன்று, பக்கம் எட்டு: ஃபிரேமா, இன்க்ளூடா?

நண்பர் ஒருவரின் நாற்றுப் பண்ணைக்கு ஒரு வலைத்தளம் உண்டு. மொத்தம் எட்டுப் பக்கம். இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் செடிப் பட்டியல், நடுவே இழுத்தால் நகரும் சாம்பல் கோடு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஃபிரேம்செட்: சன்னலை ஃபிரேம் எனும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனிக் கோப்பைக் காட்டும் பழைய முறை. “நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?” என்றார்.

ஓடத்தான் செய்கிறது. அந்தக் கால பிரவுசரான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 அறிமுகப்படுத்திய ஃபிரேம், வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் 4.0 பதிப்பில், 1997 டிசம்பரில், முறையான இடம் பெற்றது. 2014-இல் ஹெச்டிஎம்எல்5 அதை ஒதுக்கியது. ஆனாலும் பழைய தளங்களுக்காக பிரவுசர்கள் இன்றும் அதைக் காட்டுகின்றன.

ஃபிரேமைக் கேலி செய்பவர்கள் மறப்பது ஒன்று. அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தது. மெனுவை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளலாம். தொலைபேசி எண் மாறினால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும். அதோடு, பக்கத்தை எவ்வளவு கீழே உருட்டினாலும் மெனு கண்ணிலேயே நிற்கும். சர்வர் தயவும் வேண்டாம், சிடியில் போட்டுக் கொடுத்தாலும் திறக்கும். ஜாவா மொழியின் ஏபிஐ ஆவணங்கள் (நிரலாளர்களுக்கான வழிகாட்டிப் பக்கங்கள்) மூன்று ஃபிரேம்களோடு நெடுங்காலம் இருந்தன. ஜாவாவின் மென்பொருள் தொகுப்பான ஜேடிகே-யின் 9-ஆம் பதிப்பில் தேடல் பெட்டி வந்த பிறகுதான் அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். ஜேடிகே 13-இல் ஃபிரேம் வசதியையே எடுத்துவிட்டார்கள்.

நண்பரின் தளத்தில் சிக்கல் வேறு இடத்தில். முகவரிப் பட்டை எப்போதும் முகப்பையே காட்டும். வாடிக்கையாளர் ஒருவர் மாங்கன்று பக்கத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பினால், அங்கே திறப்பது முகப்பு. கூகுள் வழியாக வருபவருக்கு நேர்மாறு. விலைப் பட்டியல் மட்டும் வரும். மெனு இல்லை, பண்ணையின் பெயர்கூட இல்லை. மொபைலிலோ இருபது சதவீத அகலத்துக்குள் நசுங்கிய மெனு.

சரி, ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைப் பெட்டி போலக் காட்டும் ஐஃபிரேம்? ஒவ்வொரு பக்கத்திலும் மெனுவை ஒரு ஐஃபிரேமில் வைத்தால் முகவரிப் பிரச்சினை தீரும். ஆனால் உள்ளே இருப்பதற்கு ஏற்ப அதன் உயரம் தானாக வளராது. கீழே விரியும் மெனு அந்தப் பெட்டிக்குள்ளேயே வெட்டுப்படும். மெனு கோப்பில், சுட்டிகள் எங்கே திறக்க வேண்டும் என்று சொல்லும் பேஸ் டார்கெட்டை ‘_பேரண்ட்’ (வெளிப்பக்கம்) என்று வைக்க மறந்தால், செடிப் பட்டியல் முழுவதும் அந்தக் குட்டிச் சன்னலுக்குள் வந்து உட்காரும். யூடியூப் காணொளிக்கும் கூகுள் மேப்புக்கும் ஐஃபிரேம் சரி. மெனுவுக்கு என் ஓட்டு இல்லை.

பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் மெனு கோப்பை ஃபெட்ச் செய்து (எடுத்து வந்து) ஒட்டுவது இன்னொரு வழி. கணினியில் கோப்பை டபுள் கிளிக் செய்து பார்த்தால் வேலை செய்யாது, சோதிக்கவே நம் கணினியில் ஒரு லோக்கல் சர்வர் வேண்டும். எட்டுப் பக்கத்துக்கு இது ஊசி கோக்க உலக்கை.

நான் சொல்வது, ஃபிரேமின் இரண்டு வேலைகளையும் பிரித்துவிட வேண்டும். மெனு கண்ணில் நிற்பது, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸின் வேலை. 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும், பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் வந்துவிட்டது. இரண்டு பத்திக்கு ஓரிரு வரி, மெனுவை ஒட்டி நிறுத்தும் ‘பொசிஷன் ஸ்டிக்கி’க்கு ஓரிரு வரி, மொபைலில் ஒற்றைப் பத்தியாக மடிக்க, திரை அகலம் பார்க்கும் ஒரு மீடியா குவரி. முடிந்தது.

மெனுவை ஒரே கோப்பில் வைப்பதுதான் கொஞ்சம் கசப்பு. ஒரு கோப்பை இன்னொன்றுக்குள் இழுத்துச் சேர்க்கும் குறி சாதா ஹெச்டிஎம்எல்லில் இன்றுவரை இல்லை. தளம் இருக்கும் ஹோஸ்டிங்கில், சர்வரில் ஓடும் பிஎச்பி மொழி இருந்தால், மெனு கோப்பைச் சேர்க்கும் ஒரு வரி இன்க்ளூட் போதும். மலிவான சிபேனல் (ஹோஸ்டிங் நிர்வாகப் பலகை) கணக்குகளில் பெரும்பாலும் இருக்கும். கிட்ஹப்பின் ஹோஸ்டிங்கான கிட்ஹப் பேஜஸில் பிஎச்பி ஓடாது, அங்கே பக்கங்களை முன்கூட்டியே கோத்துத் தரும் ஜெக்கில். நாலைந்து பக்கம்தான், மெனுவும் மாறாது என்றால் வெட்டி ஒட்டுவதே மேல். இதைச் சொன்னால் டெவலப்பர் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நண்பரின் தளத்தை பிஎச்பி இன்க்ளூடுக்கு மாற்ற ஒரு மாலை ஆனது. பாதி நேரம், சுட்டிகளில் இருந்த ‘டார்கெட் மெயின்’ (மெயின் எனும் ஃபிரேமில் திற) என்பதைத் தேடித் தேடி நீக்குவதில் போனது. அந்தப் பெயரில் ஃபிரேம் இல்லாமல் போனதால், முகப்பில் எதைத் தொட்டாலும் வேறு டேப்பில் திறந்துகொண்டிருந்தது.