பாட்டுக்காகவே வந்த பழைய போன்கள்: டபிள்யூ800ஐ, 5310, என்91 – பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பாட்டு கேட்க மட்டும் ஒரு பழைய போன் வாங்கலாமா என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எதில் சவுண்ட் நன்றாக இருக்கும் என்பதைத்தான். மூன்று போன்களை வருடக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவன் என்ற முறையில் என் பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சவுண்ட் மட்டும்தான் கணக்கு என்றால் நோக்கியா என்91. தினமும் கையில் வைத்துக் கேட்க நோக்கியா 5310. சோனி எரிக்சன் டபிள்யூ800ஐ இரண்டுக்கும் நடுவில், அதன் பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) பிடித்தவர்களுக்கு. ஆனால் இந்த மூன்றுக்கும் இடையே ஒலியில் இருக்கும் வித்தியாசம் ஆட்கள் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதில்லை. நூறில் எழுபது பங்கு நீங்கள் சொருகும் இயர்போன்தான் தீர்மானிக்கிறது (இந்தக் கணக்கு என் காது போட்டது, மீட்டர் வைத்து அளக்கவில்லை). பட்டன், ஜாக், பாட்டு ஏற்றும் வழி இந்த மூன்றில் இருக்கும் வித்தியாசம்தான் நிஜமாகப் பெரிது.

டபிள்யூ800ஐ 2005-ல் வந்தது, வாக்மேன் என்ற பெயரோடு வந்த முதல் போன், வெள்ளையும் ஆரஞ்சும். கூடவே 512 எம்பி மெமரி ஸ்டிக் ப்ரோ டியோ கார்டு கொடுத்தார்கள், 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு இத்தனை கிலோபிட்) எம்பி3 என்றால் நாலு நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட 4 எம்பி, ஆக நூற்றிருபது முப்பது பாட்டு வரைக்கும் அடங்கும். அன்றைக்கு அது நிறைய. அதே 2005-ல் ஐட்யூன்ஸோடு வந்த மோட்டோரோலா ரோக்கர் இ1-ல் கார்டில் இடம் இருந்தாலும் நூறு பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாதபடி பூட்டு போட்டிருந்தார்கள். இசை போன் என்று பெயர் வைத்துவிட்டு இப்படியா!

என்91-ஐயும் 2005-லேயே அறிவித்துவிட்டார்கள், கடைக்கு வந்தது 2006-ல். உள்ளே சின்னதாக ஒரு சுழலும் ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி, அப்புறம் 8 ஜிபி வகையும் வந்தது. மெமரி கார்டு போட வழியே கிடையாது. முன்பக்கம் பாட்டு பட்டன்கள், அந்த மூடியைக் கீழே தள்ளினால் எண் பட்டன்கள். ஸ்டீல் உடம்பு, நல்ல கனம். 5310 எக்ஸ்பிரஸ்மியூசிக் 2007-ல் அறிவித்தது, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத தடிமன், திரைக்குப் பக்கத்தில் பாட்டுக்கென்று மூன்று பட்டன், தலைப்பக்கம் 3.5 மிமீ ஜாக், உள்ளே ஒலிக்கென்று தனி சிப்.

சரி, சவுண்டுக்கு வருவோம். என்91-ல் முதலில் கவனிப்பது பாட்டு இல்லாத இடம். காதுக்குள் இறங்கும் வகை இயர்போன் போட்டு, பாட்டு தொடங்குவதற்கு முந்தைய நொடியில் கேட்டால் அந்த "ஸ்ஸ்" என்ற இரைச்சல் மூன்றில் இதில்தான் மிகக் குறைவு. வயலினும் குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக நிற்கின்றன, பெரிய ஹெட்போனைக்கூட ஓரளவு நல்ல வால்யூமில் ஓட்டிவிடுகிறது. 5310 கொஞ்சம் பளிச்சென்று இருக்கும், தாளத்தின் விளிம்பு, சலங்கை, சிம்பல் எல்லாம் முன்னால் வந்து நிற்கும், ரொம்ப நேரம் கேட்டால் சிலருக்கு அலுப்பு தட்டலாம். டபிள்யூ800ஐயில் மெகா பேஸ் என்ற ஒலி அமைப்பைப் போட்டால் ஒரு கனமான இளஞ்சூடான ஒலி, பழைய டேப் ரெக்கார்டரில் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடித்துவிடும், ஆனால் ஏற்கெனவே பேஸ் அதிகமாகப் பதிந்த பாட்டுகளில் குரல் அமுங்கிப் போகிறது, அப்போது சாதாரண அமைப்புக்கு மாற்றிவிடுவேன்.

இந்த பேஸ் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பழைய போன்கள் பலவற்றில் ஒலி வெளியே வரும் வழியில் ஒரு கப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் சின்ன பாகம்) இருக்கும். அதுவும் இயர்போனின் ஓம் அளவும் (அதன் மின்தடை) சேர்ந்து, எந்த அலைவரிசைக்குக் கீழே ஒலி தேயும் என்பதை முடிவு செய்கின்றன. உதாரணமாக 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரோடு 16 ஓம் இயர்போன் போட்டால் சுமார் 45 ஹெர்ட்ஸிலேயே தேய்மானம் தெரிய ஆரம்பிக்கும், 300 ஓம் ஹெட்போன் போட்டால் அந்த எல்லை 2.5 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும், அதாவது காதுக்குத் தேய்மானமே தெரியாது. போனுக்குள் இடம் போதவில்லை என்று இன்னும் சின்ன கப்பாசிட்டர் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரே போனை ஒருவர் "பேஸே இல்லை" என்றும் இன்னொருவர் "அருமையான பேஸ்" என்றும் சொல்வது இதனால்தான், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதனால் பழைய போனை எடை போடும்போது இரண்டு வேறு வேறு ஓம் உள்ள இயர்போனாவது வைத்துக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

இன்னொன்று, 2ஜி இரைச்சல். அழைப்பு வரும் முன்னால் ஸ்பீக்கரில் "டிடிட் டிடிட் டிர்ர்ர்" என்று கேட்குமே, அதேதான். 2ஜி போன் சிக்னலைத் துண்டு துண்டாக நொடிக்கு 217 தடவை அனுப்புகிறது, அந்தத் துடிப்பு ஒலிப் பாதைக்குள் புகுந்துவிடும். இன்று பல நாடுகளில் 2ஜி, 3ஜி இரண்டையும் மூடிக்கொண்டு வருகிறார்கள், எனவே அங்கெல்லாம் இந்த போன்கள் சிம் இல்லாமல் பாட்டுப் பெட்டியாகத்தான் ஓடப்போகின்றன. டபிள்யூ800ஐயை ஆன் செய்யும்போதே முழு போனா, பாட்டு மட்டுமா என்று கேட்கும். பாட்டு மட்டும் என்று கொடுத்தால் சிக்னல் பகுதி எழும்பவே எழும்பாது, பேட்டரியும் மிச்சம், இரைச்சலும் இல்லை. அந்தக் காலத்தில் விமானத்துக்காகச் செய்த வசதி, இப்போதுதான் அதற்கு முழு அர்த்தம்.

பயன்பாட்டில் 5310 எல்லாரையும் தாண்டிவிடுகிறது. முந்தைய பாட்டு, ஓட்டு/நிறுத்து, அடுத்த பாட்டு, மூன்றுக்கும் தனித்தனிப் பட்டன், கட்டைவிரலுக்கு இடம் பழகிவிட்டால் திரையைப் பார்க்கவே வேண்டாம். நான் நடக்கும்போதும் பஸ்ஸிலும்தான் அதிகம் கேட்பவன், ஷஃபிளில் (பாட்டுகள் வரிசை கலைந்து வரும்படி) போட்டுவிட்டு பிடிக்காததைத் தள்ளிக்கொண்டே போகும் பழக்கம் உள்ளவன், எனக்கு இதைவிட வசதியானது அமையவில்லை. எடையும் தெரியாது. என்91-ன் பட்டன்களும் நல்லவைதான், மேலே பூட்டு சுவிட்ச்கூட இருக்கிறது, ஆனால் டிஸ்க் சுழல ஆரம்பிக்க ஒரு சின்னத் தாமதம் எடுத்துக்கொள்கிறது, ஷஃபிளில் வேகமாகத் தள்ளும் என்னைப் போன்றவர்களுக்கு அது உறுத்தும். ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும், அது வேறு கதை. டபிள்யூ800ஐயில் பாட்டை மாற்ற நான் ஜாய்ஸ்டிக்கைத்தான் தள்ளுவேன். அது சின்னது, பைக்குள் கைவிட்டுத் தடவித் தள்ளுவது எனக்குக் கடைசிவரை வசப்படவில்லை.

ஜாக் விஷயத்திலும் நோக்கியா இரண்டும் நேராக 3.5 மிமீ. டபிள்யூ800ஐயில் அந்த நிறுவனத்தின் சொந்த இணைப்பான், ஆனால் கூட வரும் ஹெட்செட் இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் 3.5 மிமீ சந்திப்பு, மேல்பாதியைக் கழற்றிவிட்டு நம் ஹெட்போனைச் சொருகலாம். நல்ல யோசனை, ஆனால் அந்தக் கீழ்ப்பாதி ஒயர் தொலைந்தால் தலைவலி. போனோடு சேர்ந்து அது கிடைக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

பாட்டு ஏற்றுவதில் ஒரே ஒரு யோசனை: 5310-க்கு கேபிளை மறந்துவிடுங்கள், மைக்ரோஎஸ்டி கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு ஏற்றுங்கள். ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகளை இந்த மூன்றும் தாமாக ஓட்டாது, 256 அல்லது 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிக்கொண்டால் போதும், அதற்கு மேல் இந்த போன்களில் யாருக்கும் வித்தியாசம் கேட்கப்போவதில்லை என்பது என் கருத்து. டேக் (கோப்புக்குள் பதியும் பாட்டுப் பெயர், பாடகர் போன்ற விவரம்) எழுதும்போது அதற்கான ஐடி3 முறையின் பதிப்பு 2.3-ல் எழுதுங்கள். பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு 2.4 புரியாது, பாட்டுப் பெயர் காலியாக வரும். பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஒரு சின்ன மௌனம் மூன்றிலும் உண்டு, நிற்காமல் தொடரும் கச்சேரிப் பதிவு கேட்பவர்கள் ஒரே கோப்பாக இணைத்துக்கொள்வது நல்லது.

பின்னால் வந்தவை பற்றிச் சுருக்கமாக. 2008-ல் வந்த நோக்கியா 5800-ம் எக்ஸ்பிரஸ்மியூசிக்தான், இரட்டை ஸ்பீக்கர் நல்ல சத்தம், ஆனால் தொடுதிரைக்குப் போனதோடு பார்க்காமல் பாட்டு மாற்றும் சுகம் போய்விட்டது. 2009-ன் டபிள்யூ995-ல் வாக்மேன் வரிசைக்கும் நேரடி 3.5 மிமீ ஜாக் வந்தது, தாமதம்தான். 2016-ன் எல்ஜி வி20-ல் ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் குவாட் டிஏசி சிப் (டிஜிட்டல் கோப்பை இயர்போனுக்கான ஒலி சிக்னலாக மாற்றுவது), ஒலியில் என்91-ஐயும் தாராளமாகத் தாண்டிவிடும், சொருகிய ஹெட்போன் 50 ஓமுக்கு மேல் என்றால் தானே அறிந்து சக்தியைக் கூட்டும். வீட்டில் உட்கார்ந்து பெரிய ஹெட்போனில் கேட்பவர்கள் யோசிக்காமல் அந்தப் பக்கம் போகலாம். நடந்துகொண்டே கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் திரையைத் திறந்து பார்க்கும் வேலை எனக்கு ஆகாது. 2020-ல் 5310 என்ற அதே பெயரில் பக்கவாட்டுப் பாட்டு பட்டன்களோடு ஒன்று வந்ததே, அதை வைத்திருப்பவர்கள் பழையதோடு அதே இயர்போனில் ஒப்பிட்டு எழுதினால் படிக்க ஆசை.

இப்போது பழையதை வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை. பேட்டரி உப்பியிருந்தால் பின்மூடி சரியாக உட்காராது, முதலில் அதைப் பாருங்கள். 5310-க்கு பிஎல்-4சிடி, என்91-க்கு பிஎல்-5சி, டபிள்யூ800ஐக்கு பிஎஸ்டி-37. இதில் பிஎல்-5சி எங்கும் கிடைக்கும் வகை, மற்ற இரண்டிலும் போலிகளைக் கவனித்து வாங்க வேண்டும். என்91 என்றால் ஒரு பெரிய கோப்பை ஏற்றி அழித்துப் பார்த்து, டிஸ்க் "டக் டக்" என்று அடிக்கிறதா என்று காதருகில் வைத்துக் கேளுங்கள், அடித்தால் விட்டுவிடுங்கள். ஜாக்கில் பின்னைச் சொருகி, பாட்டு ஓடும்போதே மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்து வந்து போனால் சுத்தம் செய்து பார்க்கலாம், அப்படியும் சரியாகவில்லை என்றால் ஜாக் மாற்ற ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.