ஐந்து வருடம், இரண்டு நாஸ் பெட்டிகள், மூன்றாவது பேட்டரி

மதுரையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, முன்பு பழைய பேப்பர் கட்டி வைத்த இடத்தில், ஐந்து வருடமாக ஒரு நாஸ் பெட்டி ஓடுகிறது; வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் கோப்பு போட்டு எடுக்கும் டிஸ்க் பெட்டி அது. இரண்டு 4 டிபி டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும் ரெய்டு 1 அமைப்பு. அப்பா எடுத்த நெகட்டிவ்களின் ஸ்கேன், கல்யாண வீடியோக்கள், என் ஆபீஸ் வேலை எல்லாம் அதில்தான். ரெய்டு இருந்தாலும் தவறி அழித்தால் இரண்டிலும்தான் அழியும் என்பதால், ஒற்றை டிஸ்க் போட்ட சின்னப் பெட்டி ஒன்று ராத்திரியில் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்ளும். இதுவரை டிஸ்க் ஒன்றுகூடப் போகவில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியதெல்லாம் பெட்டிக்கு வெளியே இருந்த வயரும் கரண்டும்தான்.

வாங்கிய வாரமே ஏமாற்றம். கோப்பு அனுப்பினால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. கிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் இணைப்பு என்றால் 110 எம்பி பக்கம் வர வேண்டும் (எட்டு மெகாபிட் ஒரு எம்பி). 11 என்றதுமே இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று பிடித்திருக்கலாம். நான் இரண்டு நாள் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் சுவர் சாக்கெட்டைக் கழற்றினால், வயரிங் செய்தவர் எட்டு இழையில் நான்கை மட்டும் இணைத்து, மீதியை மடித்து உள்ளே திணித்திருந்தார். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும் என்பதால் நெட் வரும், யாருக்கும் தெரியாது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதைச் சரிசெய்தால் ரவுட்டரின் போர்ட்டுகளே 100 மெகாபிட்! நெட்வொர்க் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கிய பிறகுதான் 110 பார்த்தேன். நெட்வொர்க்கில் பெட்டியைக் கண்டுபிடிக்க உதவும் ஐபி முகவரியையும் ரவுட்டரில் மாறாதபடி நிலையாகக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் "டிவில படம் வரல" என்று கூப்பிடுவார்கள்.

சரி, கரண்டுக்கு வருவோம். முதலில் வைத்தது, கரண்ட் போனால் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும் பழைய 600 விஏ யூபிஎஸ். கரண்ட் போனதைப் பெட்டிக்குச் சொல்லும் டேட்டா போர்ட் கிடையாது. பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 மணி வரை மின்தடை உள்ள ஒரு நாளில் நாங்கள் ஊரில் இல்லை. யூபிஎஸ் முடிந்தவரை தாங்கியது, அப்புறம் எழுதிக்கொண்டிருந்த பெட்டியோடு சேர்ந்து அணைந்தது. திரும்பி வந்தபோது இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பெட்டி சரிபார்த்துக்கொண்டிருந்தது. அது முடிய விடிந்துவிட்டது. கோப்பு எதுவும் போகவில்லை, எனக்குத்தான் தூக்கம் போனது. கரண்ட் போய்விட்டது என்பதைப் பெட்டிக்குச் சொல்லாத யூபிஎஸ், விபத்தை அரை மணி நேரம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து வாங்கியது யூஎஸ்பி டேட்டா போர்ட் உள்ளது. கேபிளைப் பெரிய பெட்டியில் செருகியதும் தானே அடையாளம் கண்டுகொண்டது. ஐந்து நிமிடம் கரண்ட் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு நின்றுவிடு என்று அமைத்தேன். ஆனால் கேபிள் ஒன்று, பெட்டி இரண்டு. அதற்கும் வழி உண்டு: பெரிய பெட்டி யூபிஎஸ் செய்தியை லேன், அதாவது வீட்டு நெட்வொர்க் வழியாகச் சின்னதுக்குச் சொல்லும். உள்ளே வேலை செய்வது 'நட்' என்ற திறந்த மூல மென்பொருள்; ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியிலும் நிறுவலாம். சோதித்துப் பார்க்க யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினேன். பெரியது ஒழுங்காக நின்றது. சின்னது ஒன்றும் தெரியாததுபோல ஓடிக்கொண்டே இருந்தது.

அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இரண்டு பெட்டியையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சை வேறொரு சுவர் பிளக்கில் போட்டிருந்தேன். சோதனையைத் தத்ரூபமாகச் செய்வதாக நினைத்து அதையும் சேர்த்து அணைத்திருந்தேன். செய்தி சொல்ல ஆள் இருக்கிறான், தந்திக் கம்பிதான் அறுந்து கிடக்கிறது! இப்போது ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம் எல்லாம் அதே யூபிஎஸ்ஸில்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பெட்டி நின்றபின் யூபிஎஸ் அணைவதற்குள் கரண்ட் வந்துவிட்டால், மின்சாரம் அறுபடவே இல்லை என்பதால் பெட்டி தானாக எழாது. பெட்டி நிற்கும்போது யூபிஎஸ்ஸையும் அணை என்று ஒரு தேர்வு உண்டு. அதை 'ஆன்' செய்தால்தான் வெளியூரிலிருந்து நிம்மதி.

பிறகு மாடிப்படி சாக்கெட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். கரண்ட் போகும், ஃபேன் ஓடும், யூபிஎஸ் மட்டும் கத்திக்கொண்டே இருக்கும். "யூபிஎஸ் போயிருச்சு தம்பி, வேற வாங்கிருங்க" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். அது நன்றாகத்தான் இருந்தது. எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்; லைன் கரண்ட் மாதிரி சீரான அலையாக (சைன் வேவ்) இல்லாமல் கட்டம் கட்டமாக மின்சாரம் தருவது. அந்த மின்சாரத்தை யூபிஎஸ் ஏற்காமல் தன் பேட்டரியையே தின்றுகொண்டிருந்தது. சைன் வேவ் இன்வெர்ட்டர் மாற்றியதும் சத்தம் நின்றது.

ஒரு கோடை மழையில் மொட்டைமாடி கேமராவின் லேன் கேபிள் வழியாக இடி இறங்கி ஸ்விட்ச்சில் இரண்டு போர்ட் கருகின. யூபிஎஸ் பக்கத்தைக் காத்துக்கொண்டு கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருந்தேன். இப்போது கேமராவுக்குத் தனி ஸ்விட்ச். இரண்டு ஸ்விட்ச்சுக்கும் நடுவில் ஃபைபர். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் பேட்டரி 12 வோல்ட் 7 ஏஎச். மதுரை வெயிலில் இரண்டு, இரண்டரை வருடம்தான். யூபிஎஸ் 'நல்ல நிலை' என்று காட்டும்; பிளக்கைப் பிடுங்கினால் ஆறு நிமிடத்தில் படுத்துவிடும். அதனால் மாட்டிய தேதியை மார்க்கரால் மேலேயே எழுதி வைக்கிறேன்.

எல்லாம் சேர்ந்து 48 வாட் இழுக்கிறது. இரண்டு மாதக் கணக்கில் சுமார் 70 யூனிட். பில்லைப் பார்த்துவிட்டு மனைவி கேட்ட கேள்வியால், சின்னப் பெட்டியை ராத்திரி 1 முதல் 5 வரை மட்டும் விழிக்கவைத்தேன். 12 யூனிட் மிச்சம். பெரியதையும் அப்படித் தூங்கவைத்தால் என்ன என்கிறாள். அம்மா மத்தியானத்தில்தான் கல்யாண வீடியோ பார்ப்பார், அதனால் அது நடக்காது.