ஃப்ளோட்டோடு பன்னிரண்டு வருடக் குடித்தனம்

கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. பைத்தானில் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நடுவில் ஜாவாஸ்கிரிப்ட், சி++, கொஞ்சம் லுவா. எல்லா மொழியிலும் என்னை அதிகம் படுத்தியது எண்ணைத் திரையில் காட்டும் வேலைதான்.

பைத்தான் 3-இல் 4-ஐ 2-ஆல் வகுத்தால் 2.0 வரும். பில்லில் '2.0 பாக்கெட்' என்று விழுந்ததைப் பார்த்த கடைக்காரர், "பாக்கெட்டைப் பிரிச்சா விக்கிறோம் தம்பி?" என்று கேட்டார். அன்று அந்த '.0' வாலின் மேல் அப்படி ஓர் எரிச்சல். ஜாவாஸ்கிரிப்டில் அந்த வால் கிடையாது. சாதாரண எண்கள் எல்லாமே அங்கே 64 பிட் ஃப்ளோட்தான் (தசமப் புள்ளி எண்களுக்கான வகை), ஆனாலும் 2.0-வை 2 என்றே காட்டும். பார்க்க லட்சணமாக இருந்தது.

பிறகு ஒருநாள், வெளிச் சேவை ஒன்றிலிருந்து வந்த நீளமான பரிவர்த்தனை எண்ணின் கடைசி இலக்கம் எங்கள் திரையில் மாறி நின்றது. இரண்டு நாள் தேடினேன். 9007199254740992-ஐத் தாண்டிவிட்டால் ஃப்ளோட்டால் எல்லா முழு எண்ணையும் பிடித்துவைக்க முடியாது. அதன் கடைசி இலக்கத்தை 3 ஆக்கிக் கொடுத்தாலும் 2 என்றே காட்டும். எச்சரிக்கை எதுவும் வராது. முகம் மட்டும் அசல் முழு எண் மாதிரி. அடையாள எண்ணை எண்ணாக வாங்கியது என் தப்புதான். இப்போது ஸ்ட்ரிங்காகவே, அதாவது வெறும் எழுத்து வரிசையாகவே வாங்குகிறேன்.

சி++ இன்னும் மோசம். 123456.78-ஐ எந்த ஏற்பாடும் செய்யாமல், திரையில் எழுதும் cout-இல் தள்ளினால் 123457 என்று விழும். மொத்தம் ஆறு இலக்கம்தான் அதன் கணக்கு. பைசா காணாமல் போய், ரூபாயில் ஒன்று கூடியிருக்கும். சரியாகப் பத்து லட்சம் என்றால் 1e+06, அதாவது ஒன்றுக்குப் பின் ஆறு சைபர். இதை ஒரு கணக்கரிடம் நீட்டிப் பாருங்கள்.

லுவாவில் 5.2 வரை 10/2 என்றால் 5. 2015-இல் வந்த 5.3, இன்டிஜரை (முழு எண்ணை) தனி வகையாகப் பிரித்தது, அதிலிருந்து 5.0. பழைய ஸ்கிரிப்ட் ஒன்று கோப்புகளுக்கு 'பில்-5.0' என்று பெயர் வைக்க ஆரம்பித்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் இன்று நான் வாலின் கட்சி. இந்த எண் எங்கோ வகுத்தலுக்குள் போய் வந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ரவுண்டிங் தனிக் கூத்து. 242.50-ஐ பைத்தானின் ரவுண்ட் 242 ஆக்கும். சரிபாதியாக வந்தால் இரட்டைப்படைப் பக்கம் சாய்வது அதன் வழக்கம். ஜாவாஸ்கிரிப்டின் ரவுண்ட் 243 என்னும். சர்வரில் ஒரு தொகை, பிரவுசரில் ஒரு தொகை. அப்புறம்தான் எல்லாத் தொகையையும் பைசாவாக, இன்டிஜரில் வைத்து, அச்சிடும் இடத்தில் மட்டும் ரூபாயாக மாற்றத் தொடங்கினேன். ரவுண்டிங்கும் சர்வரில் ஒரே இடத்தில்தான்.

கமா விஷயத்தில் மட்டும் ஜாவாஸ்கிரிப்டுக்கே என் ஓட்டு. இந்திய வழக்கு வேண்டும் என்று சொன்னால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் பிரித்துத் தரும். தமிழ் இலக்கம் கேட்டால் ௧௨,௩௪,௫௬௭ என்றுகூடக் காட்டும். அதையும் அதே கடைக்காரரிடம் காட்டினேன். "இது எத்தனைன்னு நீயே படிச்சுச் சொல்லு" என்றார். பைத்தானின் ஃபார்மட்டில் கமா போட்டால் 1,234,567 என்று மும்மூன்றாகத்தான் வெட்டும். இயங்குதளத்தின் லொகேலை (நாட்டு வழக்குக்கான அமைப்பை) நம்பலாம்தான், ஆனால் அது எல்லாச் சர்வரிலும் இருப்பதில்லை. அதனால் லட்சக் கமாவுக்கென்று பத்து வரி ஃபங்ஷன் ஒன்றை எழுதிவைத்து, ப்ராஜெக்டுக்கு ப்ராஜெக்ட் சுமந்துகொண்டு திரிகிறேன்.