10,800 ரூபாயும் வேலை செய்யாத ஒரு ஸ்டாப் பின்னும்: ஸ்பிரிங் ஏர்கன்ல ஸ்கோப் மாட்டப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

கோபம் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன். அடங்கிட்டா சோம்பல் வந்துடும். போனது 10,800 ரூபாய். ஸ்கோப் (துப்பாக்கி மேல வெச்சுக் குறி பார்க்கற தொலைநோக்கி) 7,950, மவுண்ட் (அதைத் துப்பாக்கியோட சேர்த்துப் பிடிக்கற பிடி) 2,250, மாட்டிக் கொடுத்த கூலி 600. நேத்து சாயங்காலத்தோட கடைக்காரர் போனை எடுக்கறதையும் நிறுத்திட்டார்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கம் ஸ்பிரிங் ஏர்கன் (ஸ்பிரிங் தள்ளற பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடற துப்பாக்கி) வெச்சுத் தாள்ல சுட்டுப் பழகறவங்க அதே கடைக்குத்தான் போறாங்கன்னு தெரியும். கேஸ் கொடுக்கப் போறதால பேர் போடல. கேரளப் பக்கம் ஒரு டவுன், மாடிக்கடை, போன்ல வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற வகை. இவ்வளவு போதும். ஸ்கோப்பை அசையாம மாட்டறது எப்படின்னு கடைசியில வரிசையா எழுதறேன்.

வீடியோவுல சொன்னது இது (ரீகாயில்னா சுடறப்போ துப்பாக்கி கொடுக்கற உதை): "ஹெவி ரீகாயில் ப்ரூஃப். பெரிய கேலிபர் ரைஃபிள்லயே அசையாது, ஏர்கன் எல்லாம் இதுக்கு ஜுஜுபி." இந்த ஒரு வரியிலயே சுதாரிச்சிருக்கணும். ஏன்னா சங்கதி நேர் தலைகீழ். வெடிமருந்து ரைஃபிள் எவ்வளவு பலமா உதைச்சாலும் பின்பக்கமா மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ஏர்கன் ரெண்டு தடவை உதைக்கும். ட்ரிக்கரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால ஓடும், துப்பாக்கி பின்னால வரும். அடுத்த நொடிக்குள்ள பிஸ்டன் சிலிண்டர் முனையில இருக்கற காற்றுமேல மோதி நிக்கும். அப்போ துப்பாக்கி முன்பக்கமா எகிறும். இந்த ரெண்டாவது உதைதான் கூர்மை. துப்பாக்கி முன்னால போக, ஸ்கோப் தன் எடையால இருந்த இடத்துலயே நிக்கப் பார்க்கும். அதனாலதான் ஸ்பிரிங் ஏர்கன்ல ஸ்கோப் கண்ணைப் பார்த்துப் பின்னால நகருது. உள்ளே இருக்கற லென்ஸும் ரெட்டிக்கிளும் (குறி பார்க்கற குறுக்குக் கம்பி) பின் உதையைத் தாங்கற மாதிரி மட்டும் பூட்டப்பட்டிருந்தா, முன் உதையில கழண்டுடும். ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு வாங்கின ரைஃபிள் ஸ்கோப் ஒரு சாதாரண ஏர்கன்ல செத்துப் போற கதை இதுதான்.

இதெல்லாம் தெரிஞ்சும் ஏமாந்தது அடுத்த அஞ்சு நிமிஷத்துல. கடைக்காரர் ஸ்கோப்பை மாட்டி முடிச்சார், துப்பாக்கியை ஸ்கோப்பைப் பிடிச்சே தூக்கினார், ரெண்டு குலுக்கு குலுக்கினார். "அசையுதா பாருங்க சேட்டா? ஒரு பிரச்னமும் இல்லா." அப்புறம் பெல்லட் (ஏர்கன் குண்டு) போடாம ரெண்டு தடவை படார் படார்னு சுட்டுக் காட்டினார். வாயை மூடிட்டு நின்னாச்சு. காசும் கை மாறிடுச்சு.

அந்தக் குலுக்கலுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. கணக்கு போட்டுப் பாருங்க. மவுண்டோட சேர்த்து அந்த ஸ்கோப் 620 கிராம். முன் உதை ஈர்ப்பு விசையைப் போல 200 மடங்குன்னு வெச்சுக்கிட்டா, அந்தக் கணத்துல அது 124 கிலோ மாதிரி பின்னால இழுக்கும். கையால குலுக்கினா அதுல பத்துல ஒரு பங்கு வருமா? இதே கணக்குல 350 கிராம் ஸ்கோப்புக்கு 70 கிலோதான். ஸ்பிரிங் துப்பாக்கிக்குப் பெரிய கனமான ஸ்கோப்பை ஒருத்தர் தலையில கட்டறார்னா, அவருக்கு விஷயம் தெரியல, இல்ல தெரிஞ்சே செய்யறார். பெல்லட் இல்லாம சுட்டது அதைவிடப் பாவம். பெல்லட் இருந்தாத்தான் அதுக்குப் பின்னால காற்று தேங்கி பிஸ்டனுக்கு மெத்தையா நிக்கும். இல்லைன்னா பிஸ்டன் இரும்புலயே போய் இடிக்கும். சீல், ஸ்பிரிங் ரெண்டுக்கும் கேடு.

10 மீட்டர்ல முதல் பத்து சுடுதல் 14 மில்லிமீட்டருக்குள்ள விழுந்துச்சு. அறுபதாவது வர்றதுக்குள்ள 55 மில்லிமீட்டர். அப்போதான் நெயில் பாலிஷ் வெச்சு ரெண்டு இடத்துல கோடு போட்டது: ஒண்ணு ரிங்கும் (மவுண்டோட மேல் வளையம்) ஸ்கோப் குழலும் சேர்ற இடத்துல, இன்னொண்ணு மவுண்ட் காலும் ரெயிலும் (மவுண்ட் உட்கார்ற, துப்பாக்கி மேல இருக்கற தடம்) சேர்ற இடத்துல. ரெண்டு கோடும் வேணும். குழல் ரிங்குக்குள்ள நழுவுதா, மவுண்டே ரெயில் மேல நழுவுதான்னு இதை வெச்சுத்தான் பிரிக்க முடியும், ரெண்டுக்கும் மருந்து வேற. இன்னும் நாப்பது சுட்டதுல குழல் 4 மில்லிமீட்டர், மவுண்ட் 3 மில்லிமீட்டர் நகர்ந்திருந்துச்சு. ரெண்டுமே பின்னால. நூத்தி எண்பது தாண்டினப்போ குழல் ரிங்குக்குள்ள சுத்தித் திரும்பவே இல்ல, உள்ளே குறுக்குக் கம்பி மட்டும் சாய்ஞ்சு நின்னுச்சு. ஸ்கோப்பை லேசா ஆட்டினா சோழி மாதிரி கலகலன்னு சத்தம். 7,950 ரூபாய் அதோட முடிஞ்சுது.

கழட்டிப் பார்த்தாத்தான் கைவரிசை முழுசாத் தெரிஞ்சுது.

முதல்ல ஸ்டாப் பின். டவ்டெய்ல் ரெயிலை (ரெண்டு பக்கமும் சரிவா வெட்டின ரெயில்) மவுண்ட் காலு ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும், ஆனா அது வெறும் உராய்வுதான். உதையை நெஞ்சு கொடுத்துத் தாங்க வேண்டியது ரெயில் மேல இருக்கற குழியில இறங்கி நிக்கற பின். இங்கே பின் மவுண்டுக்குள்ளயே மேலே முறுக்கி மறைக்கப்பட்டிருந்துச்சு. மவுண்ட் உட்கார்ந்த இடத்துக்கும் குழிக்கும் 14 மில்லிமீட்டர் தூரம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரம் சரியா வரணும்னு மவுண்டையே முன்னால தள்ளி வெச்சுட்டார். கண் தூரத்தை ரிங்குக்குள்ள குழலை முன்னே பின்னே நகர்த்திச் சரி பண்ணணும். மவுண்டோட இடத்தைக் குழிதான் முடிவு பண்ணணும். பின்னைக் குழிக்குள்ள இறக்கி, மவுண்டைப் பின்னால இழுத்து, அந்தப் பின் குழியோட பின்பக்கச் சுவரைத் தொட்டதுக்கு அப்புறம்தான் காலை முறுக்கணும். இடையில அரை மில்லிமீட்டர் சந்து விட்டாலும் ஒவ்வொரு சுடுதலுக்கும் ஸ்டாப் பின் ஓடி வந்து சுத்தியல் மாதிரி இடிக்கும். பின் அதிகமா நீட்டினாலும் தப்பு. குழியோட அடியில முட்டி மவுண்டைத் தூக்கிடும், கால் சரியா உட்காராது. ரெயில்ல குழியே இல்லாத துப்பாக்கின்னா, மவுண்டுக்குப் பின்னால தனியா ஒரு ஸ்டாப் பிளாக் கவ்வ வைக்கணும்.

ரெண்டாவது, கவ்வல். 11 மில்லிமீட்டர் டவ்டெய்ல்னு சொன்னாலும் ரெயிலோட சரிவு எல்லாத்துலயும் ஒண்ணு இல்ல. சிலதுல 45 பாகை, சிலதுல 60. சரிவு பொருந்தாத கால் விளிம்புல மட்டும்தான் பிடிக்கும். கழட்டினப்போ காலோட உள்பக்கம் அகலமாத் தேய்ஞ்சிருக்கணும். அங்கே நூல் மாதிரி ஒரு பளபளப்புக் கோடு மட்டும்தான் இருந்துச்சு.

மூணாவதுதான் வயித்தெரிச்சல். ஸ்கோப் குழல் 25.4 மில்லிமீட்டர், ரிங் 30 மில்லிமீட்டர். நடுவுல பிளாஸ்டிக் வளையம். அந்த வளையம் ஒவ்வொரு உதைக்கும் நசுங்கி நசுங்கி இளகிடும். இளகாம இருக்க அவர் வெச்ச வைத்தியம் சூப்பர் க்ளூ! பின்பக்க ரிங்குக்குள்ள வெள்ளை வெள்ளையாப் பொரிஞ்சு கிடந்துச்சு. சூப்பர் க்ளூ இழுப்பைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது, கண்ணாடி மாதிரி விரிசல் விடும். முதல் பத்து சுடுதல் நல்லா விழுந்ததுக்கும் அப்புறம் சிதறினதுக்கும் காரணம் இதுதான். வாங்கினவன் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பிடிச்சா அவருக்குப் போதும்.

ஸ்க்ரூவுல எண்ணெய் வேற. எண்ணெய் பட்ட மரையில அதே முறுக்கு அதிக அழுத்தமா மாறும், கை அளவு தப்பும். ஒரு பக்கம் ரிங் மூடி முழுசா ஒட்டிக்கிட்டு, எதிர்ப்பக்கம் 1 மில்லிமீட்டர் சந்து. அந்த அழுத்தத்துல குழல்ல பள்ளம். பள்ளம் விழுந்த குழலை வேற எந்த ரிங்குல மாட்டினாலும் நம்ப முடியாது.

இன்னொண்ணு, இது கொஞ்சம் நுணுக்கம். மடக்குற வகைத் துப்பாக்கியில குண்டு வெளியே வர்ற குழாய் லேசாக் கீழே தொங்கும், அதனால அடி தாழ்வா விழும். அதைச் சரி பண்ண மேல் டரட்டை (அடியை ஏத்தி இறக்கற, ஸ்கோப் மேல இருக்கற திருகு) கடைசி வரைக்கும் திருகி விட்டிருந்தார். கடைசியில நின்னா உள்ளே இருக்கற ஸ்பிரிங்குக்கு இழுவை போயிடும், உள்குழல் ஒவ்வொரு உதைக்கும் ஆடும். மவுண்ட் மலை மாதிரி நின்னாலும் அடி அலையும். இதுக்குச் சாய்வு மவுண்ட் வாங்கணும். அது கிடைக்காதப்போ பின்பக்க ரிங்குக்கு அடியில மெல்லிய ஃபிலிம் துண்டு வெச்சுப் பின்பக்கத்தை ஒரு மயிரிழை உயர்த்துவாங்க. டரட் நடுவுக்குப் பக்கத்துலயே நிக்கணும்.

பெட்டியில "ஏர்கன்" ஸ்டிக்கர். நகத்தால உரிச்சா அடியில இன்னொரு ஸ்டிக்கர். ஃபோகஸ் 100 கஜத்துக்கு வெச்ச சாதாரண ஸ்கோப். 10 மீட்டர்ல தாள் ஏன் மங்கலாத் தெரிஞ்சுதுன்னு அப்போதான் புரிஞ்சுது.

இனி கடைக்காரரோட பதில்கள். முதல் போன்ல: "பெல்லட் எடை மாத்திப் பாருங்க சேட்டா." மூணு எடையில சுட்டு, தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். ரெண்டாவது போன்ல: "கீழே போட்டிருப்பீங்க." கோடு நகர்ந்த படத்தை அனுப்பினேன். மூணாவது: "ரீகாயிலுக்கு வாரண்டி இல்லா சாரே." ரீகாயில் தாங்கும்னு சொல்லி வித்த சாமானுக்கு ரீகாயில் பட்டா வாரண்டி கிடையாதாம்! நாலாவதுதான் உச்சம்: "ஸ்பிரிங் துப்பாக்கின்னு நீங்க சொல்லவே இல்லையே." அதே துப்பாக்கியை மடக்கி, தன் கையால ரெண்டு தடவை சுட்டவர் சொல்றார். அப்புறம் கூரியர்ல அனுப்புங்க, பார்க்கலாம்னார். முகவரி கேட்டேன். நீல டிக் மட்டும் விழுது. காசு வாங்கற வரைக்கும் சேட்டா, அப்புறம் சார், இப்போ ஒண்ணுமே இல்ல. 10,800 ரூபாய்!

வரிசையா எழுதறேன்னு சொன்னேன், இதுக்கு மேல கை ஓடல. அவசரத்துக்கு இது மட்டும்.

ஸ்டாப் பின் குழிக்குள்ள இறங்கினதைக் கண்ணால பார்க்காம காசு கொடுக்காதீங்க. குழல் 25.4-ஆ 30-ஆன்னு அளந்து, அதே அளவு ரிங் வாங்குங்க, வளையம் வேண்டாம். மரையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு எண்ணெய் எடுங்க. ரிங் மூடியைக் குறுக்கு மறுக்கா, ரெண்டு பக்கச் சந்தும் சமமா இருக்கற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. 2 நியூட்டன் மீட்டருக்கு மேல போக வேண்டாம். மவுண்ட் கால் ஸ்க்ரூவுக்குத் தயாரிச்சவங்க எழுதின அளவுதான் கணக்கு, மரையில ஒரு சொட்டு நீல லாக் (ஸ்க்ரூ இளகாமப் பிடிக்கற திரவம்). சிவப்பு லாக் வேண்டாம், அது சூடு பண்ணாமக் கழண்டு வராது. பிக்காட்டினி ரெயில்ல (குறுக்கே வரிசையா வெட்டு இருக்கற ரெயில்) மவுண்டை முன்னால தள்ளி முறுக்கற வீடியோக்கள் வெடிமருந்து ரைஃபிளுக்கு. ஸ்பிரிங்ல பின்னால இழுத்து முறுக்கணும். முதல் ஐம்பது சுடுதலுக்கு அப்புறம் கோட்டைப் பாருங்க.

ஜிஎஸ்டி எண் இருக்கற பில் கேளுங்க. எனக்குக் கிடைச்சது துண்டுச்சீட்டு, அதுல தொகை மட்டும்தான் இருக்கு. ஆனா யுபிஐ ரசீது கையில இருக்கு. நுகர்வோர் உதவி எண் 1915-ல பதிஞ்சாச்சு. 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. பாலக்காட்டுலதான் போடப் போறேன்.

பின்பக்க ரிங் மட்டும்தான் திறந்தது. முன் ரிங்கை சூப்பர் க்ளூவோட அப்படியே விட்டிருக்கேன், யார் சொன்னாலும் அதைத் தொடறதா இல்ல.