1967–68 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்: துருப்பிடித்த வண்டியை வாங்கலாமா?

பழைய அமெரிக்கக் கார்களில் இந்த ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்கும் பாடி) அளவுக்கு ஆளை ஏமாற்றும் வண்டி குறைவு. மேலே பட்டி பார்த்துப் பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். உள்ளே கார்பெட்டைத் தூக்கினால் ரோடு தெரியும். அதே சமயம் இந்த வண்டிக்கு உதிரிபாகம் கிடைப்பதுபோல் வேறெந்தப் பழைய காருக்கும் சுலபமாகக் கிடைக்காது. துரு எப்படியும் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

முதலில் நம்பரைப் பாருங்கள். ஓட்டுநர் பக்க ஃபெண்டருக்கு உள்ளே, ஏப்ரன் தகட்டின் (என்ஜின் அறையின் பக்கச்சுவர்) மேல்விளிம்பில் வின் எண் (வண்டியின் அடையாள எண்) அச்சடித்திருக்கும். 7ஆர்02எஸ் என்று தொடங்கினால்: 1967 மாடல், சான் ஹொசே ஆலை, ஃபாஸ்ட்பேக், 390 கன அங்குல என்ஜின். 'எஸ்' இருக்கும் இடத்தில் 'சி' என்றால் 2 பேரல் கார்புரேட்டர் வைத்த 289, 'டி' (T) என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். நடுவில் 02-க்குப் பதில் 01 இருந்தால் அது ஹார்ட்டாப் (கூரை பின்சீட்டோடு முடிந்துவிடும் சாதாரண பாடி). கூரையை வெட்டி ஃபாஸ்ட்பேக் ஆக்கியிருக்கிறார்கள். இந்த வேலை நடப்பதற்குக் காரணம் கணக்கிலேயே தெரியும்: 1967-ல் தயாரான 4,72,121 மஸ்டாங்குகளில் 71,042 மட்டுமே ஃபாஸ்ட்பேக். சக்கரத்தில் நான்கு போல்ட் என்றால் ஆறு சிலிண்டராகப் பிறந்த வண்டி. வி8 வண்டிக்கு ஐந்து. 1967 முதலான ஃபோர்டு தயாரிப்புப் பதிவுகள் மார்ட்டி நிறுவனத்திடம் இருப்பதால், வின் எண்ணைக் கொடுத்து அறிக்கை வாங்கினால் வண்டி ஆலையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பது தெரிந்துவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்குங்கள்.

அடுத்தது கவுல். இந்த வண்டியின் தலையெழுத்து அங்கேதான் இருக்கிறது. விண்ட்ஷீல்டுக்குக் கீழே, மேல் தகடும் கீழ்த் தகடும் சேர்ந்த ஒரு பெட்டி அது. உள்ளே காற்று போவதற்காகக் கீழ்த் தகட்டில் இரு பக்கமும் கவிழ்த்த தொப்பி போன்ற கழுத்து நிற்கும். மழைநீர் அந்தக் கழுத்தைச் சுற்றி ஓடி, இரு ஓரமும் போய் ஃபெண்டருக்குப் பின்னால் தரையில் விழ வேண்டும். இலைச்சருகு அடைத்துக்கொண்டால் ஈரம் அங்கேயே தங்கும். பெட்டியின் உட்புறத்துக்கு ஆலையில் சரியாகப் பெயின்டும் ஏறவில்லை. கழுத்தின் அடி ஓட்டையாகிவிட்டால் அத்தனை தண்ணீரும் நேராகக் காலடிக்குத்தான் வரும்.

சோதிக்க ஒரு ஹோஸ் பைப்பும் டார்ச்சும் போதும். கார்பெட்டை எடுத்துவிட்டு, கவுல் கிரில் வழியாக ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கம் சொட்டினால் சந்தேகமே வேண்டாம், கவுல் போய்விட்டது. பயணி பக்கம் ஹீட்டர் பெட்டியிலிருந்து சொட்டினால் தொட்டுப் பாருங்கள்: பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட், ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, வெறும் தண்ணீர் என்றால் கவுல். கழுத்தைச் சுற்றி சிலிக்கான் பூச்சோ, மேலே பிளாஸ்டிக் மூடியோ தெரிந்தால் விற்பவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம்.

கவுல் மாற்றுவது ஓட்டையில் தகடு ஒட்டுகிற வேலை இல்லை. ஃபெண்டர், பானெட், விண்ட்ஷீல்டு, டேஷ் எல்லாம் இறங்க வேண்டும். ஸ்பாட் வெல்டை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல் தகட்டைக் கழற்ற வேண்டும். தகடு மலிவு, கூலிதான் கழுத்தைப் பிடிக்கும்.

கவுல் ஒழுகிய வண்டியில் ஃப்ளோர் பேன் (தரைத் தகடு) போயிருப்பது இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம், முன்னிருந்து பின்வரை ஒரே துண்டாகப் புதிய தகடு கிடைக்கிறது. பயப்பட வேண்டியது ஃப்ரேம் ரெயிலுக்கும் (அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு) டார்க் பாக்ஸுக்கும் (ரெயிலை ஓரத்தோடு இணைத்து முறுக்கம் தாங்கும் பெட்டி). இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, தகடுகள் சேர்ந்துதான் முதுகெலும்பு. பேட்டரி இருக்கும் பயணி பக்க முன்மூலையில் ஆசிட் சிந்தி ஏப்ரனும் ரெயிலும் அரித்திருக்கும். பின்னால், லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண் மாட்டும் இடத்தில் சேறு தங்கி உள்ளிருந்து அழுகும். வெளியே அண்டர்கோட்டிங் (அடிப்பக்கப் பூச்சு) நன்றாகவே இருக்கும். ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். 'டிங்' என்றால் இரும்பு, 'பொத்' என்றால் துரு. புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்த வண்டியில் இரண்டு மடங்கு குத்துங்கள். பிறகு முன்சக்கரத்துக்குப் பின்னால் ரெயிலில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடைவெளி மாறினாலோ கதவு சிக்கினாலோ முதுகெலும்பு விட்டுப்போயிருக்கிறது. தூக்கும்போது நொறுங்கும் சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

வெளித்தகட்டுக்கு, மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்று போதும். குவார்ட்டர் பேனலின் (பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள பக்கத்தகடு) அடிப்பகுதி, பின்கண்ணாடியின் கீழ்மூலைகள், கதவின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் அடியில் கெட்டியாகப் பட்டி இருக்கிறது. டிக்கியில் பாயை எடுத்துப் பாருங்கள். பெட்ரோல் டாங்கின் மேல்தகடுதான் அங்கே தரை. அதைச் சுற்றித் துரு ஓட்டை என்றால் பெட்ரோல் வாடை கேபினுக்குள் வரும்.

ரெயில் வேலை எடுக்கிற ஷெட்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வெட்டுவதற்கு முன் கதவு வாயில் குறுக்குக் குழாய் வைத்து வெல்டு செய்வீர்களா? மூலைவிட்ட அளவை எழுதி வைப்பீர்களா? தலையைச் சொறிந்தால் நடையைக் கட்டுங்கள். இரு பக்க ராக்கரையும் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு) ஒரே நேரத்தில் வெட்டிய வண்டி வளைந்துபோகும். அப்புறம் எந்தக் கதவும் பொருந்தாது. வெளித்தகட்டில் தொடர்ந்து வெல்டு இழுத்தால் சூட்டில் தகடு அலை அலையாக நெளியும்; இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து, ஆற விட்டுத்தான் முடிக்க வேண்டும்.

இனி பணம். டைனகார்ன் நிறுவனம் ஃபோர்டு உரிமத்தோடு 1967 ஃபாஸ்ட்பேக்கின் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. ஆகவே தகட்டு வேலைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: மணிக்கு 100 டாலர் என்று வைத்தால், 400 மணி நேர வேலைக்கு 40,000 டாலர். அதைப் புதிய பாடியின் விலையோடு ஒப்பிடுங்கள். ஆனால் பழைய வின்னை வெட்டிப் புதிய பாடியில் ஒட்டினால் வழக்கு வரும்; புதிய பாடிக்குத் தனி எண், தனிப் பதிவு.

எங்கள் கணக்கில் 'எஸ்' வண்டி, 1968-ன் 'ஆர்' (428 கோப்ரா ஜெட்) இரண்டும் கவுல், ரெயில் இரண்டும் போயிருந்தாலும் காகிதம் சரியாக இருந்தால் பேசத் தக்கவை. 'சி' வண்டியில் கவுல் மட்டும் என்றால் வாங்கலாம், ரெயிலும் சேர்ந்தால் வேண்டாம். 'டி' ஃபாஸ்ட்பேக்கில் ரெயில் நன்றாக இருந்தால் மட்டும் தொடுங்கள். வேண்டாம் என்று ஒதுக்குகிற ஃபாஸ்ட்பேக்கையும் காயலான் கடை விலைக்குக் கொடுத்தால் விடாதீர்கள்: மடக்கும் பின்சீட்டு, அதன் பொறிக்கதவு, டிக்கி மூடி எல்லாம் இந்த பாடிக்கே உரியவை, ஹார்ட்டாப்பிலிருந்து கிடைக்காது.